வெறுங்காலும் ஆணி பெடலும்

எங்கள் பகுதி சைக்கிள் குழுவினர் இந்த ஆண்டு ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறார்கள். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் புதிதாக வருகிறவர்கள் எதை உடுத்த வேண்டும், எதையெல்லாம் கட்டாயம் வாங்க வேண்டும் என்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நெம்மேலியில் குடிநீர் ஆலையைத் தாண்டி, கடற்கரைச் சாலையோரம் ஒரு மலை சைக்கிள் நிறுவனம் இருக்கிறது. போன வருடம் ஓய்வுபெறும்வரை அங்கே ஹெல்மெட், ஷூ, கவசம் எல்லாம் வைத்திருக்கும் கியர் ரூம் என் பொறுப்பில் இருந்தது. இப்போது முறை மாறிவிட்டது. வருகிறவர்கள் தலையளவையும் கால் அளவையும் செல்போனிலேயே தெரிவித்துவிடுகிறார்கள். பெயர் ஒட்டிய பை தயாராகக் காத்திருக்கிறது. எடுத்து மாட்டிக்கொண்டு வேனில் ஏறிச் செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றுகளுக்குப் போய்விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், காலையில் கூட்டம் முட்டுவதில்லை. இருந்தாலும் அளவு சரியாக இருந்தும் பொருந்தாமல் போவது உண்டு. அப்போது இன்று அந்த அறையில் வேலை பார்க்கும் பெண்கள் எனக்குப் போன் செய்கிறார்கள்.

அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் தையல் சோதிக்கும் வேலை பார்த்தேன். உள்ளாடைப் பிரிவு. எந்தத் தையல் உடம்பை உரசும், எது உரசாது என்பதை விரலால் தடவியே சொல்லப் பழகியது அங்கேதான். தொழிற்சாலை மூடியபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் வீடு. தினமும் தாம்பரம் போய்வந்து அலுத்திருந்ததால் கிழக்கே திரும்பினேன். சைக்கிளைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் ரெஜினா மேடம். பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு இந்த நிறுவனத்தின் பயிற்சிகளுக்குப் பொறுப்பேற்றவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஆனால் அவர் அதை ஊதி நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். ஒருவர் தவறாக அணிந்திருந்தால், அவர் பெயரைச் சொல்லாமல், அணிந்திருக்கும் பொருளின் பெயரைச் சொல்லுவார். “அந்த முழங்கால் கவசம் கழண்டு வருது” என்பார். கவசத்துக்குச் சொந்தக்காரர் தானாகவே குனிந்து பார்ப்பார். யாருக்கும் மனம் நோகாது.

அவரிடம் நான் கற்ற முதல் பாடம், உடுத்துவது கீழிருந்து மேலே போக வேண்டும் என்பது. புதியவர்கள் எல்லோருமே ஹெல்மெட்டைத்தான் முதலில் எடுத்து மாட்டுவார்கள். அதை மாட்டிக்கொண்டு முழங்கால் கவசத்தையும் கட்டிய பிறகு குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. அரைகுறையாகக் கட்டுவார்கள், அந்தக் கயிறு செயினில் சிக்கும். அதனால் எங்கள் அறையில் ஷூ முதலில், ஹெல்மெட் கடைசியில். சரிபார்ப்பது மட்டும் மேலிருந்து கீழே. ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும். இரண்டு பக்க வார்களும் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். பிறகு வாயை அகலமாகத் திறக்கச் சொல்லுவோம். திறக்கும்போது ஹெல்மெட் தலைமேல் கீழ்நோக்கி அழுந்தினால் சரியாகக் கட்டியிருக்கிறது என்று பொருள். காலை நேரத்தில் ஒரு குழு முழுவதும் வரிசையாக நின்று வாயைப் பிளப்பதைப் பார்த்துச் சாலையில் போகும் மீன்காரம்மாக்கள் சிரிக்காத நாள் இல்லை.

பெண்களுக்கு உச்சிக் கொண்டை ஆகாது. அது ஹெல்மெட்டை நெற்றிக்குத் தள்ளிவிடும். பின்னிக் கழுத்துக்குக் கீழே விட வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். மாமியார் வைத்துவிட்ட பூ, எடுக்க மாட்டேன் என்றாள். மேடம் அந்தச் சரத்தை வாங்கி அவளுடைய சைக்கிளின் ஹேண்டில்பாரில் சுற்றிக் கட்டிவிட்டார். அன்று அவள் போன இடமெல்லாம் மணந்தது என்று உடன் போனவர்கள் சொன்னார்கள்.

சட்டை விஷயத்தில் நம் கடற்கரைக்கு என்று ஒரு கணக்கு உண்டு. பருத்தி நல்லது என்று நம்பி எல்லோரும் பருத்தி பனியனில் வருவார்கள். இங்குள்ள புழுக்கத்தில் அது வியர்வையைக் குடித்து, ஈரத்துணியாக முதுகில் ஒட்டிக்கொண்டு, பை வாரின் கீழே தோலை அறுக்கும். சீக்கிரம் காய்கிற மெல்லிய சட்டை வேண்டும். குன்றுப் பாதையின் இரு பக்கமும் சீமைக்கருவேல முள் என்பதால் முழுக்கை வேண்டும். பந்தயக்காரர்கள் போடும் விலையுயர்ந்த சட்டை தேவையில்லை. கையுறையைத் தவிர்க்கக் கூடாது. விழும்போது எல்லோரும் முதலில் உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறார்கள், செம்மண் சரளை உள்ளங்கைக்குள் போனால் ஒரு வாரத்துக்குச் சோறு பிசைய முடியாது. கண்ணாடி வேண்டும், ஆனால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழையும் இடத்தில் கல் தெரியாமல் போகும்.

இனி, பலர் கேட்கக் கூச்சப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிளில் உட்காரும் இடத்துக்கு மெத்தை வைத்த உள்கால்சட்டை ஒன்று உண்டு. மலைப்பாதைக்காரர்கள் அதன்மேல் தொளதொளவென்று ஒரு கால்சட்டை போடுவார்கள். மெத்தை வைத்ததை வெறும் உடம்பின்மேல் போட வேண்டும். உள்ளே வேறு உள்ளாடை இருந்தால், அதன் ஓரத் தையல் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் கிடந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். நான் சேர்ந்த புதிதில், சவாரி முடிந்து வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுகொண்டே நாஸ்தா சாப்பிடுவதைக் கவனித்தேன். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சவாரிக்கு அழைத்துப் போகும் ஆண்களும் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, “போட்டுக்கங்க சார்” என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். மேடம் என்னைப் பார்த்து, “நீங்க அந்தத் தையல்லயே இருந்தவங்க. உங்களுக்கு என்ன வெக்கம்? நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

அன்றிலிருந்து அது என் வேலையானது. யார் முகத்தையும் பார்க்காமல், ஹெல்மெட் அடுக்கைப் பார்த்தபடி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவை சொல்லுவேன். முட்டுக்காட்டிலிருந்து நண்பர்களோடு வந்த ஒரு பெரியவர் மட்டும் நம்பாமல் திரும்பி வந்தார்.

“ஒண்ணுமே வேணாமாம்மா?”

“ஒண்ணுமே வேணாம் சார்.”

“இத வூட்ல போய் சொன்னா, என்னை உள்ள சேக்க மாட்டாங்க.”

அவர் சவாரி முடிந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டார். அதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

ஷூவைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மலை சைக்கிளின் பெடலில் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும். குலுங்கும்போது கால் வழுக்காமல் ஷூவின் அடியைப் பிடித்துக்கொள்ளத்தான் அவை. அடிப்பாகம் தட்டையாகவும் பிடிப்பான ரப்பராகவும் உள்ள, விரல்களை மூடிய ஷூ வேண்டும். ஓட்டப்பந்தய ஷூவின் அடி மிருதுவாக வளையும், ஆகாது. சாயங்காலமாகக் கடைக்குப் போய், சவாரிக்குப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காலையைவிட மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். எங்கள் இடத்தில் ஷூ இல்லாமல் யாரும் சைக்கிளில் ஏறக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பான விதி. என் வேலைக்காலத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விவகாரம் இந்த விதியால்தான் வந்தது.

ஏழுமலை கடப்பாக்கத்துக்காரர். மீன்பிடிக் குடும்பம். கடல் வேலை இல்லாத நாட்களில் எங்களிடம் வந்து, குழுவின் கடைசியில் ஓட்டிப் பின்தங்கியவர்களைக் கவனித்துக்கொள்வார். சவாரி உண்டானால் கூலி, இல்லையென்றால் இல்லை. பாறையில் இறங்கும்போது உடம்பை எப்படிப் பின்னால் தள்ள வேண்டும் என்பதை அலைமேல் படகில் நிற்கிறவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிரந்தர வழிகாட்டி வேலை ஒன்று காலியானபோது அது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். மாதச் சம்பளம் வந்தால் கடலுக்குப் போவதை விட்டுவிடலாம் என்று அவர் மனைவி காத்திருந்தார்.

வழிகாட்டிகளைத் தேர்வு செய்து சான்றிதழ் தருகிறவர் பெங்களூரிலிருந்து வருவார். எங்கள் பக்கம் மழை ஓய்ந்து பாதை இறுகிய பிறகு, கார்த்திகைக் கடைசியில் நாள் குறித்தார். அந்தக் கார்த்திகை முதல் தேதி ஏழுமலை கறுப்பு வேட்டியும் மாலையுமாக வந்து நின்றார். காலில் ஒன்றும் இல்லை.

சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவருடைய முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தால் விரதம் முழுக்க வெறுங்காலோடு இருந்து மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். பெண் குழந்தை வீட்டுக்கு வந்து, அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. நேர்ந்ததை நிறைவேற்றும் வருடம் அது.

மாலை போட்டவரைச் சாமி என்றுதான் அழைக்க வேண்டும். ரெஜினா மேடம் சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர். அவர் முதல் நாளே எழுந்து நின்று, “வாங்க சாமி” என்றார். பிறகு உட்கார வைத்து, தேர்வன்று ஷூ போட வேண்டும் என்று நினைவூட்டினார்.

“அது முடியாதுங்க சாமி. காலுல ஒண்ணும் போட மாட்டேன்னு சொல்லிகினு வந்துட்டேன்” என்றார் ஏழுமலை. வெறுங்காலோடு பாறைமேல் ஓடி வளர்ந்தவன், ஆணி தன்னை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னார். ஆணி இல்லாத பிளாஸ்டிக் பெடலை மாட்டித் தரட்டுமா என்று நான் குறுக்கே கேட்டேன். மேடம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“உங்க காலுக்கு ஒண்ணும் ஆகாம போகலாம் சாமி. ஆனா வழிகாட்டின்னா பின்னால வர்றவங்க உங்க காலைத்தான் பாப்பாங்க. நீங்க வெறுங்காலோட ஏறினா, அடுத்த வாரம் ஒருத்தர் செருப்போட ஏறுவாரு. அவரு கால யாரு பாக்குறது?”

ஏழுமலை அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார். ஷூ போடவும் ஒப்பவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவரை அழைத்துக்கொண்டு அவருடைய குருசாமியிடம் போனேன். குருசாமி மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். விரத காலத்தில் அவரே தொழிற்சாலைக்குள் பாதுகாப்பு ஷூ போடுவாராம். தோல் கலக்காத புது ஜோடி ஒன்றை அதற்கென்று வைத்திருந்தார். வேலைக்காகப் போடுவது குற்றமில்லை என்று தாராளமாக அனுமதி தந்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஏழுமலை எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார். பிறகு, குருசாமி சொன்னது குருசாமிக்குச் சரி, தான் வேண்டிக்கொண்டது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, அப்போது வேலை நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை என்றார்.

கடைசி முயற்சியாக, தடித்த கான்வாஸ் துணியில் காலைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி ஒன்றை நானே தைத்தேன். கீழே ரப்பர் ஒட்டினேன். ஷூவும் இல்லை, செருப்பும் இல்லை என்று காட்டினேன். ஏழுமலை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தையல் சூப்பரா கீதும்மா. இது ஷூ இல்லன்னு நீ சொல்லலாம், நானும் சொல்லலாம். காலு நம்புமா?”

நான் அதைப் பிரித்துப் போட்டுவிட்டேன். தேதியை மாற்ற முடியுமா என்று மேடம் பெங்களூருக்குப் போன் செய்து கேட்டார். ஒருவருக்காக மாற்றுவதற்கில்லை என்று பதில் வந்தது. அந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்த மற்ற இரண்டு பேருக்கு மட்டும் தேர்வு என்று முடிவாயிற்று. இருவருமே நல்லவர்கள், நன்றாக ஓட்டுகிறவர்கள். இருவரில் ஒருவர் தேறினாலும் வேலை அவருக்குப் போய்விடும். ஏழுமலைக்கு அது தெரியும்.

ஆனாலும் தேர்வன்று காலை அவர் வந்துவிட்டார். கூலிக்கு வரவில்லை, உதவிக்கு என்றார். குன்றின் அடிவாரத்தில் வேன் நின்றது. அங்கிருந்து தேர்வு தொடங்கும் பாறைவரைக்கும் சரளைப் பாதை. சைக்கிள்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த மாதிரி சின்னத் தூரத்துக்கு எங்களில் எல்லோரும், வேன் ஓட்டுநர் உட்பட, செருப்போடேயே ஏறி மிதித்துப் போய்விடுவது வழக்கம். மேடமும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஏழுமலை ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். வைத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த இரண்டை எடுத்தார். அந்தச் சரளையில் வெறுங்காலோடு நடப்பது சைக்கிளில் போவதைவிடக் கடினம்.

தேர்வாளர் டீ குடித்தபடி வேன் நிழலில் நின்றிருந்தார். நான் பக்கத்தில் ஹெல்மெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் சாமி தள்ளிட்டுப் போறீங்க? ஏறி ஓட்டிட்டுப் போயிடலாமே” என்று அவர் கேட்டார்.

“ஷூ இல்லீங்களே சாமி. ஷூ இல்லாம ஏறக் கூடாது.”

“சும்மா இவ்ளோ தூரம்தானே? இங்க யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துகினுதான கீறேன்” என்று சொல்லிவிட்டு ஏழுமலை போய்க்கொண்டே இருந்தார்.

தேர்வாளர் டீயைக் குடித்து முடித்தார். தேர்வு நடந்தது. ஒருவருக்குப் பாறை இறக்கத்தில் பிரேக்கை மொத்தமாகப் பிடிக்கும் பழக்கம் இருந்ததால் தேறவில்லை. இன்னொருவர் தேறினார். முடிந்ததும் தேர்வாளர் மேடத்திடம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன சாமி யார் என்று விசாரித்தார். மூன்றாவதாக வந்திருக்க வேண்டியவர் என்று மேடம் சொல்லி, காரணத்தையும் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. பேசியிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

தேர்வாளர் தன் டைரியை எடுத்துப் புரட்டினார். தை மாதம் புதுச்சேரிக்கு வேறு வேலையாக வருவதாகவும், வழியில் ஒரு அரை நாள் இங்கே இறங்க முடியும் என்றும் சொன்னார். தேறியவருக்கு உடனே வேலை கொடுத்துவிடச் சொன்னார். இந்த ஆளுக்குத் தனியாக ஒரு இடம் பார்த்து வையுங்கள், ஓட்டிக் காட்டட்டும், மற்றதை நான் இன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றார். வாரக் கடைசியில் வரும் கூட்டத்துக்கு இருக்கும் வழிகாட்டிகள் போதவில்லை என்று மேடம் வெகுநாளாகவே முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மார்கழி முழுவதும் அதையே மறுபடி மறுபடி சொல்லி, இன்னொரு இடத்துக்கு ஒப்புதல் வாங்கினார்.

தையில் ஏழுமலை மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றி, அரவணைப் பாயசத்தோடு வந்தார். மேடம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “உக்காருங்க ஏழுமலை. காலை நீட்டுங்க” என்றார். மாலை போட்ட நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் அன்றுதான் வந்தது.

நான் ஏழுமலையின் பழைய அளவு ஷூவையே எடுத்துக் கொடுத்தேன். தடித்த காலுறையோடு போட்டு, எழுந்து நிற்கச் சொல்லி, குதிகால் தூக்குகிறதா என்று பார்த்தேன். தூக்கவில்லை. பெடலில் ஏறி நிற்கச் சொன்னேன். நின்றார். பிடிப்பு சரியாக இருந்தது. அவசரத்தில் இருந்தார். வெளியே தேர்வாளர் காத்திருந்தார்.

தேர்வு மதியத்துக்குள் முடிந்தது. பாறை இறக்கத்தில் அவர் இறங்கிய விதத்தை நான் பார்க்கவில்லை. மேடம் பார்த்துவிட்டு வந்து, “தண்ணி மாதிரி வந்தாரு” என்றார். தேர்வாளர் கைகொடுத்துவிட்டுப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். கியர் ரூமுக்குத் திரும்பிய ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல், ஸ்பீக்கரில் போட்டு மனைவிக்குப் போன் செய்தார். குழந்தை அழும் சத்தமும் பின்னால் கடல் சத்தமும் கேட்டன.

“ஷூ போட்டுகினேன்” என்றார்.

“கடிக்குதா?” என்று கேட்டது அந்தப் பெண் குரல்.

“சுண்டு வெரலு ரெண்டுலயும் கடிக்குது. வெறுங்காலோட நடந்து காலு அகலமாயிட்ச்சி போல.” ஷூ கயிற்றைத் தளர்த்திக்கொண்டே சொன்னார். “வேல கெடச்சிட்ச்சி.”

அந்தப் பக்கம் அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டார் போல. அழுகை போனுக்கு இன்னும் கிட்டே வந்தது. நான் அகலமான ஜோடியை எடுக்க அடுக்குப் பக்கம் போனேன்.